பழைய அலுமினிய சைக்கிளின் மாடலையும் வயதையும் கண்டறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பழைய அலுமினிய சைக்கிளை விற்பவரிடம் அது எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று கேளுங்கள். ஃபிரேமில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் காட்டுவார், இல்லாவிட்டால் "எண்பதுகளில் வந்தது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார். இரண்டையும் கேட்டுக்கொள்ளலாம், நம்ப வேண்டியதில்லை. ஸ்டிக்கரை இன்று யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். சக்கரம், கியர், பிரேக் எல்லாம் காலப்போக்கில் பலமுறை மாறியிருக்கும். மாறாமல் இருப்பது ஃபிரேமின் உடல் மட்டும்தான்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுகிறேன். எதை மாற்றவே முடியாதோ அதை முதலில் பார்க்க வேண்டும், எது எளிதில் மாறுமோ அதைக் கடைசியில். முதலில் குழாய்கள் சேரும் மூட்டு, குழாயின் பருமன், ஃபிரேமில் குத்தப்பட்ட எண். அதன் பிறகு கிராங்க் (பெடலை அச்சோடு இணைக்கும் கை), பிரேக், கியர். இவை எல்லாம் முடிந்த பிறகுதான் நிறமும் பெயரும்.

நான் பேசப்போவது பெரும்பாலும் 1970கள் முதல் 1990கள் வரை இத்தாலி, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய நாடுகளில் செய்யப்பட்ட சைக்கிள்களைப் பற்றி. தமிழ்நாட்டில் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நிற்கும் பழைய பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் எல்லாம் எஃகு. இந்த வழிகாட்டி டொராண்டோவிலோ பாரிஸிலோ பழைய பொருள் சந்தைகளில் சுற்றுகிறவர்களுக்கு அதிகம் பயன்படும்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: சிறிய காந்தம், வெர்னியர் காலிப்பர், டார்ச் விளக்கு, மெல்லிய வெள்ளைத்தாள், மென்மையான பென்சில், பழைய துணி.

முதற்படி: அலுமினியம்தானா?

காந்தத்தை ஃபிரேமின் எல்லாக் குழாய்களிலும் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் வைத்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. மேல்குழாய், கீழ்க்குழாய், சீட் குழாய், பின்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் மெல்லிய குழாய்கள், முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க் என ஒவ்வொன்றாக வைத்து, எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்பே பாதி விடையைத் தந்துவிடும்.

எங்குமே ஒட்டாமல் ஃபோர்க்கிலும் ஒட்டவில்லை என்றால் இத்தாலியின் அலான், பிரான்ஸின் வீத்தூஸ் போன்றவை நினைவுக்கு வர வேண்டும். ஃபிரேமில் ஒட்டாமல் ஃபோர்க்கில் மட்டும் ஒட்டினால் ஆரம்பகால கேனண்டேல் போன்ற அமெரிக்க வண்டியாக இருக்க வாய்ப்புண்டு. அவர்கள் அலுமினிய ஃபிரேமில் எஃகு ஃபோர்க்கைப் பொருத்தினார்கள். முன்பக்கக் குழாய்களில் ஒட்டாமல் பின்பக்க முக்கோணத்தில் பச்சென்று ஒட்டிக்கொண்டால் அநேகமாக ராலேயின் டெக்னியம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

டைட்டானியத்திலும் காந்தம் ஒட்டாது. பெயின்ட் இல்லாமல் மங்கிய சாம்பல் நிறத்தில், அரிப்பின் சுவடே இல்லாமல் இருந்தால் அதையும் யோசிக்க வேண்டும். அலுமினியம் அரித்தால் செந்துரு வராது, வெள்ளைப் பொடி பூக்கும். சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்ட் நுழையும் இடத்திலும் எஃகுத் திருகுகளைச் சுற்றியும் தேடினால் அந்தப் பொடி தென்படும்.

இரண்டாம்படி: மூட்டுகளைப் படிப்பது

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். அலுமினிய சைக்கிளின் வரலாறே இரண்டு குழாய்களை எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வியின் வரலாறு. எஃகுக் குழாய்களைப் பித்தளை உருக்கி எளிதில் சேர்த்துவிடலாம். அலுமினியம் அப்படி இணங்காது. வலிமை ஏற்றிய அலுமினியக் கலவையைச் சூடாக்கினால், சூடுபட்ட இடத்தில் அந்த வலிமை போய்விடும். இதைச் சமாளிக்க ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு தந்திரம் செய்தார்கள். தந்திரத்தைக் கண்டுபிடித்தால் காலமும் தெரிந்துவிடும், பெரும்பாலும் செய்தவர் யார் என்பதும்.

போல்ட் போட்டு இறுக்கிய மூட்டுகள். பிரான்ஸில் 1930களில் வந்த காமினார்ஜான் இந்த வகை. டியூரலுமின் என்ற அலுமினியக் கலவைக் குழாய்களைப் பற்றவைக்காமல், வார்த்தெடுத்த மூட்டுகளுக்குள் செருகித் திருகால் இறுக்கியிருப்பார்கள். எண்கோணக் குழாய் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அதே காலத்தில் அமெரிக்காவில் சிகாகோவின் மொனார்க் நிறுவனம் சில்வர் கிங் என்ற அலுமினிய சைக்கிளை விற்றது. போருக்குப் பிந்தைய சில்வர் கிங் வண்டிகளில் அறுகோணக் குழாயைக் காணலாம். இவை கைக்குக் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் அப்படியே புகைப்படம் எடுத்துவிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுவதே நல்லது.

திருகி ஒட்டிய மூட்டுகள். 1972இல் லொடோவிகோ ஃபால்கோனி தொடங்கிய அலான் நிறுவனம் இந்த வழியில் போனது. ஆனடைஸ் செய்த (மின்சாரத்தால் மேற்பரப்பைக் கடினமாக்கிய) அலுமினியம் என்பதற்கான இத்தாலியச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததுதான் அந்தப் பெயர். குழாயின் முனையில் மரை வெட்டி, மூட்டுக்குள் திருகி, பசையும் போட்டு நிலைப்படுத்தினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எஃகு சைக்கிளில் இருப்பதுபோலவே குழாயைக் கவ்விக்கொண்டிருக்கும் மூட்டுகள், அதாவது லக்குகள், தெளிவாகத் தெரியும். மூட்டிலோ ஃபோர்க்கின் தலைப்பகுதியிலோ நிறுவனத்தின் பெயர் பதிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஸ்டிக்கர் போனாலும் அது போகாது. சேற்றிலும் புல்வெளியிலும் ஓட்டும் சைக்ளோ-கிராஸ் பந்தய வீரர்கள் இந்த எடை குறைந்த ஃபிரேம்களை மிகவும் விரும்பினார்கள். குவெர்சியோட்டி போன்ற பிற இத்தாலியப் பெயர்களிலும் அலான் செய்த ஃபிரேம்கள் விற்கப்பட்டன. எனவே பெயர் வேறாக இருக்கிறதே என்று குழம்பக் கூடாது. செய்தவர் யார் என்பதை மூட்டு சொல்லும், ஸ்டிக்கர் விற்றவரைத்தான் சொல்லும்.

பசையால் மட்டும் ஒட்டியவை. இதில் முதலில் சொல்ல வேண்டியது வீத்தூஸ் 979. பிரான்ஸின் சான்-எத்தியென் பகுதியைச் சேர்ந்த குழாய்த் தயாரிப்பாளர்கள் இதை 1970களின் இறுதியில் கொண்டுவந்தார்கள். டியூரலினாக்ஸ் என்ற பெயரில் விற்ற அந்தக் குழாய் 5086 என்ற அலுமினிய-மக்னீசியக் கலவை. அலானிலிருந்து இதைப் பிரித்தறிய ஒரே ஒரு கேள்வி போதும்: குழாய் மூட்டுக்குள் நுழைகிறதா, மூட்டு குழாய்க்குள் நுழைகிறதா? வீத்தூஸில் மூட்டின் நாக்கு குழாய்க்குள் போய்விடும். அதனால் வெளிப்புறம் ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும், குழாயும் மூட்டும் சந்திக்கும் இடத்தில் நூலிழைபோல ஒரு கோடு மட்டும் ஓடும். சிவப்பு, நீலம், ஊதா, பொன் என ஆனடைஸ் நிறங்களில் வந்தது. இந்த நிறம் பெயின்ட் போல உரியாது, வெயிலில் வெளுக்கும். கீறிப் பார்த்தால் நிறம் உலோகத்தோடு ஒட்டியே இருப்பது தெரியும். (தயவுசெய்து கீற வேண்டாம், ஏற்கெனவே கீறியிருக்கும் இடத்தைப் பாருங்கள்.)

அயர்லாந்து வீரர் ஷான் கெல்லி 1980களில் பல பெரிய பந்தயங்களை இந்த 979இல் வென்றார். அவர் முழு வலுவோடு பெடலை மிதித்து முடுக்கும் வகை வீரர், வண்டியோ மெல்லிய குழாய்களால் ஆனது, வளைந்துகொடுக்கும். எப்படித்தான் ஓட்டினாரோ என்று ரசிகர்கள் இன்றைக்கும் வியக்கிறார்கள். இதன் அடுத்த தலைமுறையான 992, 1990களின் தொடக்கத்தில் வந்தது. அதில் குழாய்கள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக அழுத்தப்பட்டிருக்கும். வட்டமா நீள்வட்டமா என்பதை வெர்னியரால் இரண்டு திசைகளில் அளந்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அலுமினிய மூட்டுகளுக்கு இடையே கறுத்த கார்பன் குழாய் செருகிய மாடல்களும் இதே குடும்பத்தில் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், நகத்தால் தட்டினால் ஓசை வேறு.

அமெரிக்காவில் ட்ரெக் நிறுவனம் 1985இல் 2000 என்ற மாடலோடு ஒட்டு அலுமினியத்துக்குள் நுழைந்தது. 1200, 1400, 1500 போன்ற எண்கள் அதைத் தொடர்ந்தன. ட்ரெக்கின் குழாய்கள் வீத்தூஸைவிடச் சற்றுப் பருமன். ஃபிரேமில் எண்ணே பெயராக எழுதப்பட்டிருக்கும்.

ராலே டெக்னியம் தனி ரகம். 1980களின் நடுவில் அமெரிக்கச் சந்தைக்காக வந்தது. முன்பக்கத்தில் அலுமினியக் குழாய்கள், அவற்றை எஃகு மூட்டுகளோடு பசையால் ஒட்டியிருப்பார்கள். பின்பக்கம் எஃகு. முழு அலுமினியம் என்று விளம்பரம் செய்து விற்கப்படும் பழைய டெக்னியங்களைக் காந்தம் உடனே காட்டிக்கொடுக்கும்.

பற்றவைத்தவை. சூடுபட்டு வலிமை போன ஃபிரேமை முழுவதுமாக உலையில் வைத்து மறுபடி வலிமையேற்றலாம் என்பதே இதற்கு விடையாக அமைந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1970களில் படித்த கேரி க்ளைன், பருமனான 6061 கலவைக் குழாய்களைப் பற்றவைத்து, பிறகு வெப்பப் பதப்படுத்தும் முறையைக் கையாண்டார். 1971இல் முதுகுப்பை, கூடாரம் போன்ற பொருட்களோடு தொடங்கிய கேனண்டேல் 1983இல் தன் முதல் சைக்கிளை வெளியிட்டது. அதுவும் பருமனான அலுமினியக் குழாய்தான்.

பற்றவைத்த இடம் எப்படி இருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். கேனண்டேலிலும் க்ளைனிலும் அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கியிருப்பார்கள். ஒரு குழாயிலிருந்து இன்னொன்று முளைத்ததுபோல இருக்கும். பற்றவைத்த இடத்தில் அடுக்கடுக்காக மீன்செதில் போன்ற வரிகள் அப்படியே விடப்பட்டிருந்தால் அது வேறு நிறுவனம், பெரும்பாலும் 1990களில் ஆசியாவில் செய்யப்பட்டது. 7005 என்று ஸ்டிக்கரில் இருந்தாலும் அந்தக் காலத்தையே நினைக்க வேண்டும். 7005 கலவையைப் பற்றவைத்த பிறகு 6061க்குச் செய்வதுபோல அதிக வெப்பத்துக்குக் கொண்டுபோய்த் திடீரெனக் குளிர்விக்க வேண்டியதில்லை, மிதமான சூட்டில் பதப்படுத்தினால் போதும். தொழிற்சாலைக்குச் செலவு மிச்சம். அதனால்தான் அந்தக் கலவை அவ்வளவு வேகமாகப் பரவியது. குழாய் நெளிந்து, வளைந்து, முப்பட்டையாகி, பாம்பு விழுங்கிய இரைபோல இடையில் புடைத்திருந்தால் அது திரவ அழுத்தத்தால் வடிவமைத்த பிற்காலக் குழாய், பழமைச் சேகரிப்பில் வராது.

மூன்றாம்படி: குழாயின் பருமன்

வெர்னியரால் கீழ்க்குழாயை நடுவில் அளந்து பாருங்கள். பழைய எஃகு சைக்கிளில் அது வழக்கமாக 28.6 மி.மீ., மேல்குழாய் 25.4 மி.மீ. அலுமினிய ஃபிரேமும் இதே அளவை ஒட்டி மெல்லியதாக இருந்தால் அது அலான், வீத்தூஸ் மரபு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேராத அளவு பருத்திருந்தால் க்ளைன், கேனண்டேல் மரபு.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. அலுமினியத்தின் எடை எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். அதே அளவுக் குழாயை அலுமினியத்தில் செய்தால் எடை குறையும், கூடவே வண்டி வளையும். ஆனால் குழாயின் விட்டத்தைக் கூட்டும்போது விறைப்பு விட்டத்தைவிடப் பன்மடங்கு வேகமாகக் கூடும். க்ளைன் பிடித்தது அந்த நுனியைத்தான். 1980களின் சாலைப் பந்தய ரசிகர்கள் பருத்த கேனண்டேலைக் கேலி செய்தார்கள். பிறகு எல்லோரும் அந்த வழிக்கே வந்தார்கள். மெல்லியது பழையது, பருத்தது புதியது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். இரண்டும் 1980கள் முழுவதும் அருகருகே ஓடின.

நான்காம்படி: குத்தப்பட்ட எண்

வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். பெடல் அச்சு நுழையும் பாட்டம் பிராக்கெட்டின் அடிப்பகுதி, பின்சக்கரம் பொருந்தும் காடியின் தகடு, தலைக்குழாய், சீட் குழாயின் மேல்பகுதி ஆகிய இடங்களில் தேடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடையுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம், அலுமினியத்தில் குத்திய எண் ஆழம் குறைந்தது, தேய்த்தால் அதோடு போய்விடும். சோப்புச் சோடா போன்ற காரங்கள் அலுமினியத்தைத் தின்னும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்க்கும் கையோடு இங்கே வந்துவிடாதீர்கள், ஆனடைஸ் மேற்பரப்புக்கு அமிலமும் ஆகாது. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும்.

எண் சரியாகத் தெரியாவிட்டால் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள், பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். அதுவும் முடியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம்.

எண்ணைப் படிப்பதில் மிகவும் எளிமையானது ஆரம்பகால கேனண்டேல். முதல் இரண்டு இலக்கங்கள் ஃபிரேமின் அளவு. அடுத்த ஆறு இலக்கங்கள் அதைச் செய்த தேதி. கடைசியில் வருவது அன்றைக்கு அது எத்தனையாவது ஃபிரேம் என்பது. அளவு 20ஐ ஒட்டி இருந்தால் அங்குலம், 50ஐ ஒட்டி இருந்தால் சென்டிமீட்டர். தேதியில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். அது அமெரிக்க முறை: மாதம் முதலில், நாள் பிறகு, ஆண்டு கடைசியில். 081285 என்றால் ஆகஸ்ட் 12, டிசம்பர் 8 அல்ல. பிற்காலத்தில் இந்த முறை மாறிவிட்டது, எனவே 1990களின் பிற்பகுதி வண்டியில் இதைப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ஜப்பானின் மியாட்டா நிறுவனத்தில் எண்ணின் முதல் எழுத்தே ஆண்டு: ஏ என்றால் 1972, பி என்றால் 1973, அப்படியே வரிசையாகப் போனால் எம் 1984. வேறு பல நிறுவனங்களில் எண் வெறும் வரிசை எண்தான், தேதியைச் சொல்லாது. அங்கே எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள். ஒரு நிறுவனத்தின் விதியை இன்னொன்றின் எண்ணில் திணித்து ஆண்டு கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

செய்த தேதியும் மாடல் ஆண்டும் ஒன்றல்ல என்பதையும் மனத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டின் மாடல்களை முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே செய்யத் தொடங்கிவிடுவார்கள். 1985 அக்டோபரில் பிறந்த ஃபிரேம் 1986 கேட்டலாக்கில் இருக்கும்.

ஐந்தாம்படி: பாகங்களில் இருக்கும் தேதி

கிராங்க், பிரேக், கியர் இவற்றைத் தனித்தனியாக நம்பக் கூடாது, கூட்டமாக நம்பலாம். நான்கு பாகங்கள் ஒரே ஆண்டைச் சொன்னால் அவை வண்டியோடு பிறந்தவை. ஒன்று மட்டும் ஐந்து ஆண்டு தள்ளி நின்றால் அது பிறகு மாற்றியது.

ஜப்பானியப் பாகத் தயாரிப்பாளரான ஷிமானோவின் பாகங்களில் இரண்டு ஆங்கில எழுத்துகள் குத்தப்பட்டிருக்கும். கிராங்கின் உட்புறம், பிரேக் கையின் பின்புறம், பின் கியர் மாற்றியின் உட்பக்கம் ஆகிய இடங்களில் தேடுங்கள். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம். ஏ என்றால் 1976, பி 1977, ஜே 1985, ஓ 1990, இப்படியே இசட் வரை போனால் 2001. மாதத்துக்கு ஏ ஜனவரி, எல் டிசம்பர். 2002இல் மறுபடி ஏயிலிருந்து தொடங்குகிறது, ஆனால் 1976இன் பாகத்தையும் 2002இன் பாகத்தையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். சன்டூர் பாகங்களிலும் இதேபோல இரண்டு எழுத்துகள் உண்டு, ஆனால் அங்கே ஏ என்பது 1974. இந்த இரண்டு ஆண்டு வித்தியாசத்தை மறந்தால் கணக்கே தப்பிவிடும்.

இத்தாலியின் காம்பன்யோலோ கிராங்கின் பின்புறத்தில் ஒரு சிறிய குறி இருக்கும். 1970களில் வைர வடிவத்துக்குள் ஓர் இலக்கம், 1980களின் தொடக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் இலக்கம். வைரத்துக்குள் 8 இருந்தால் 1978, வட்டத்துக்குள் 2 இருந்தால் 1982. அவர்களது ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தின், பூட்டு நட்டில் ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள் குத்தியிருப்பதும் உண்டு.

எழுத்து எதுவும் கிடைக்காவிட்டால் தொழில்நுட்பமே சாட்சி. பின்சக்கரத்தில் பற்சக்கரங்களை எண்ணுங்கள். சாலை வண்டியில் ஐந்து என்றால் 1970களின் வழக்கம், ஆறு 1980களின் முற்பகுதி, ஏழு அந்தப் பத்தாண்டின் பிற்பகுதி, எட்டு 1990களை ஒட்டி. ஷிமானோவின் டூரா-ஏஸ் 7400 தொகுதியோடு, டக் டக்கென்று படிப்படியாக விழும் கியர் முறை 1984இல் வந்தது. பிரேக் பிடியிலேயே கியர் மாற்றும் வசதியை ஷிமானோ 1990இல் கொண்டுவந்தது, காம்பன்யோலோ 1992இல். மலைச் சைக்கிளில் வி-பிரேக் 1996. பெடல் பக்கத்தில் பயோபேஸ் என்ற நீள்வட்டப் பற்சக்கரம் இருந்தால் 1980களைத் தேடுங்கள். பாகத்தில் மேற்கு ஜெர்மனி என்று நாட்டின் பெயர் இருந்தால் 1990க்கு முந்தையது.

டயர், சீட்டு, கைப்பிடித் துணி இவற்றைப் பார்த்து வயது சொல்ல முயலாதீர்கள். நேரம்தான் வீண்.

ஆறாம்படி: சில அளவுகள்

பின்சக்கரம் பொருந்தும் இடத்தின் உள் அகலத்தை அளக்கவும். 120 மி.மீ. என்றால் ஐந்து பற்சக்கர காலம், 126 என்றால் ஆறு அல்லது ஏழு, 130 என்றால் எட்டும் அதற்கு மேலும். எஃகு ஃபிரேமைச் சிலர் இழுத்து அகலப்படுத்துவார்கள். அலுமினியத்தில் அப்படிச் செய்யக் கூடாது, பசை மூட்டுள்ள வண்டியில் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. அதனாலேயே அலுமினிய வண்டியில் இந்த அளவு நம்பகமான சாட்சியாகிறது.

சீட் போஸ்ட்டின் விட்டம்: வீத்தூஸ் 979க்கு 25.0 மி.மீ., பழைய கேனண்டேல் சாலை வண்டிகளுக்கு 27.2. போஸ்டிலேயே அளவு குத்தப்பட்டிருக்கும், முந்தைய உரிமையாளர் தகரம் சுற்றி ஒப்பேற்றியிருக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டம் பிராக்கெட் கூட்டின் அகலம் 70 மி.மீ. என்றால் இத்தாலிய மரை, 68 என்றால் ஆங்கிலேய அல்லது பிரெஞ்சு மரை. ஆங்கிலேய முறையில் செயின் பக்கத்து மரை இடப்புறமாகத் திருகும், இத்தாலிய, பிரெஞ்சு முறைகளில் இருபுறமும் வழக்கமான திசைதான். திசை தெரியாமல் பலம் கொடுத்துத் திருகினால் அலுமினிய மரை சிதைந்துவிடும். கண்டறிய வந்தவர் வண்டியைக் கெடுத்துவிட்டுப் போகக் கூடாது. அங்கே ஏற்கெனவே குத்தியிருக்கும் மரை அளவைப் படித்தாலே போதும். க்ளைன் வண்டிகளில் மரையே இல்லாமல் பேரிங்கை அழுத்திப் பொருத்தியிருப்பதைக் காணலாம், அது அவர்களது அடையாளம்.

ஏழாம்படி: இனி மாடல் பெயர்

இதுவரை கிடைத்தது நிறுவனமும் காலமும். மாடலுக்கு வண்டியின் வேலையைப் பார்க்க வேண்டும். காரியர் மாட்டத் துளைகள் இருக்கின்றனவா? பின் ஃபிரேம் நீளமா குட்டையா? தண்ணீர்ப் பாட்டில் எத்தனை மாட்டலாம்?

ஆரம்பகால கேனண்டேல்களில் இரண்டு எழுத்துகள் மாடல் குடும்பத்தைச் சொல்லும்: எஸ்.ஆர். பந்தயம், எஸ்.டி. நெடும்பயணம், எஸ்.எம். மலை. பக்கத்தில் வரும் 300, 500, 900 போன்ற எண் பாகங்களின் தரத்தைக் குறிக்கும், ஃபிரேமை அல்ல. 1984இல் வந்த அவர்களது முதல் மலைச் சைக்கிளில் முன்சக்கரம் 26 அங்குலமும் பின்சக்கரம் 24 அங்குலமும் இருந்தன. அளவு வேறுபட்ட சக்கரங்களைக் கண்டு யாரோ தப்பாக மாட்டிவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1980களின் இறுதியில் வந்த 3.0, 1990களின் தொடக்கத்தில் வந்த 2.8 என்ற பெயர்கள் ஃபிரேமின் எடையைப் பவுண்டில் சொல்பவை, அதாவது முறையே சுமார் 1.36, 1.27 கிலோ. 3.0இல் பின்சக்கரக் காடி, குழாய்கள் சேரும் புள்ளிக்குப் பின்னால் தள்ளி நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டிக்கர் இல்லாத வண்டியை அதைக் கொண்டே அறியலாம். 1997 முதல் இத்தாலியின் சாய்கோ பந்தய அணியும் அதன் வீரர் சிப்போலினியும் கேனண்டேல் ஓட்டினார்கள், அந்தச் சிவப்பு நிறத்தில் பொதுமக்களுக்கும் விற்றார்கள். சிவப்பாக இருக்கும் ஒவ்வொன்றையும் அணி வண்டி என்று விலை சொல்பவர்கள் உண்டு.

க்ளைனில் குவாண்டம் சாலைக்கு, அட்டிட்யூட், அட்ராய்ட், ராஸ்கல் ஆகியவை மலைக்கு. நிறம் மாறி நிறம் கரையும் பெயின்ட் வேலைக்காகவே இவற்றைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். 1995இல் ட்ரெக் நிறுவனம் க்ளைனை வாங்கியது. அதற்கு முந்தையவை, வாஷிங்டன் மாநிலத்தின் சிஹேலிஸ் ஊரில் செய்யப்பட்டவை, அதிக விலைக்குப் போகின்றன. ஆகவே இங்கே ஓராண்டு வித்தியாசமும் பணம்தான்.

பழைய கேட்டலாக்குகளின் படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒப்பிடும்போது நிறம், எழுத்தின் வடிவம், கேபிள் ஓடும் பாதை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நிறம் மட்டும் பொருந்தினால் போதாது. கேட்டலாக்கில் இருக்கும் பாகமும் விற்பனைக்கு வந்த பாகமும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை, கிடைத்ததைப் பொருத்தி அனுப்பியதும் உண்டு.

ஒரு மாதிரிக் கணக்கு

கற்பனையாக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பெயின்ட் உரிந்து, எழுத்து எதுவும் இல்லை. காந்தம் ஃபிரேமில் ஒட்டவில்லை, ஃபோர்க்கில் ஒட்டுகிறது. கீழ்க்குழாய் பருமன், பற்றவைத்த இடம் வழவழப்பு. எண் 23 101785 014. கிராங்கில் ஜே.எச்., பிரேக்கில் ஜே.ஜி., பின் கியர் மாற்றியில் ஓ.பி. பின் அகலம் 126 மி.மீ. காரியருக்கான துளை இல்லை, பின் ஃபிரேம் குட்டை.

இதை இப்படிப் படிக்க வேண்டும். மூட்டும் பருமனும் ஃபோர்க்கும் ஆரம்பகால கேனண்டேலைக் காட்டுகின்றன. எண்ணும் அந்த முறைக்குப் பொருந்துகிறது: 23 அங்குல ஃபிரேம், 1985 அக்டோபர் 17இல் அன்றைய பதினான்காவதாகச் செய்யப்பட்டது. கிராங்க் 1985 ஆகஸ்ட், பிரேக் 1985 ஜூலை. பாகங்கள் தொழிற்சாலைக்கு வந்து சேரச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் இந்த இடைவெளி இயல்பானது. கியர் மாற்றி 1990 பிப்ரவரி, பிறகு மாற்றியது. 126 மி.மீ. அந்தக் காலத்தோடு ஒத்துப்போகிறது. நெடும்பயண வண்டி அல்ல என்பதால் எஸ்.ஆர். குடும்பம், மாடல் ஆண்டு 1986. 300ஆ 500ஆ 900ஆ என்பதை மாற்றப்படாத கிராங்கும் பிரேக்கும் எந்தத் தரம் என்று பார்த்து, 1986 கேட்டலாக்கோடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம்.

விடை ஒத்துவராமல் போனால், அதாவது ஃபிரேம் ஒரு காலத்தையும் எல்லாப் பாகங்களும் வேறொரு காலத்தையும் சொன்னால், யாரோ வெறும் ஃபிரேமை வாங்கித் தன் விருப்பப்படி கட்டிய வண்டி அது. வீத்தூஸிலும் அலானிலும் இது மிகச் சாதாரணம், அவை ஃபிரேமாகவே அதிகம் விற்றவை. அங்கே வயது என்பது ஃபிரேமின் வயதுதான்.

ஓட்டிப் பார்க்கும் முன்

மாடல் தெரிந்த மகிழ்ச்சியில் உடனே ஏறி உட்கார வேண்டாம். எஃகைப் போல அலுமினியம் முன்கூட்டியே வளைந்து எச்சரிக்காது, சோர்ந்த உலோகத்தில் விரிசல் விழுந்து திடீரென முறியும். தலைக்குழாய்க்குக் கீழே, பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, பின்காடிகளில் விரிசல் தேடுங்கள். பெயின்ட்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் பூதக்கண்ணாடியால் பாருங்கள்.

பசை மூட்டுள்ள வண்டி என்றால், முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள், பெடலைக் கையால் பக்கவாட்டில் அழுத்துங்கள். கிரீச் என்றோ கிளிக் என்றோ ஓசை வந்து, அது ஹெட்செட்டிலிருந்தோ (ஃபோர்க் திரும்பும் இடத்துப் பேரிங்) மற்ற பேரிங்கிலிருந்தோ அல்ல என்று உறுதியானால், மூட்டு விட்டுப்போயிருக்கிறது. மூட்டுக்கோட்டில் வெள்ளைப் பொடி கசிந்திருப்பதும் அதற்கு அறிகுறி. அப்படிப்பட்ட வண்டியைச் சுவரில் மாட்டிவைக்கலாம், சாலையில் ஓட்டக் கூடாது. சீட் போஸ்ட் அசையாமல் இறுகியிருந்தால் சூடு காட்டிக் கழற்ற முயல வேண்டாம். அந்தச் சூட்டில் பக்கத்து மூட்டின் பசையும் இளகிவிடும்.